வீட்டிலேயே செய்யலாம் கிடார் ஓவர்டிரைவ் பெடல்!

இந்த வருஷக் கலைவிழாவில் நம் இசைக்குழு வாசித்தபோது கிடார் சத்தம் தடித்து, கரகரத்து, இழுத்துக்கொண்டு போனதே, ஞாபகம் இருக்கிறதா? அதற்குக் காரணமான அலுமினிய டப்பாவைப் பற்றிப் பலர் என்னிடம் கேட்டீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் படம் வரைந்து கொடுக்க நேரமில்லை. எனவே மலரில் எழுதுகிறேன்.

கம்பெனி பெடல் வாங்கப் பல ஆயிரம் ரூபாய் வேண்டும். நம் குழுவில் வாசிக்கிற நண்பனிடம் இருப்பது செகண்ட் ஹாண்ட் கிடார் ஒன்றுதான். பணம் இல்லை என்பதற்காக அவன் அந்தப் பாட்டை விட்டுவிட வேண்டுமா? உள்ளே இருப்பதெல்லாம் நாம் தினமும் லேபில் தொடுகிற பாகங்கள்தானே! எனக்கு ஆன செலவு 300 ரூபாய்க்குள்தான்.

ஓவர்டிரைவ் என்றால் என்ன?

ஆம்ப்ளிஃபயருக்குத் தாங்கும் அளவைவிடப் பெரிய சிக்னல் கொடுத்தால் அலையின் உச்சி வெட்டுப்படும். இதுதான் கிளிப்பிங். வெட்டுப்பட்ட அலையில், மூல அலைவரிசையின் மடங்குகளான ஹார்மோனிக்ஸ் புதிதாகச் சேர்கின்றன. தடித்த சத்தம் இவற்றால்தான் வருகிறது.

முதலில் இது பழுதாகத்தான் வந்தது. 1964-ல் இங்கிலாந்தின் 'தி கிங்க்ஸ்' குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ், ஸ்பீக்கர் பேப்பரையே பிளேடால் கிழித்து இந்தச் சத்தத்தை எடுத்தார். அதற்கு முன்பே 1962-ல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெட்டி விற்பனைக்கு வந்திருந்தது. அதை 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் வாசித்த பிறகுதான் உலகமே திரும்பிப் பார்த்தது. 1970களின் இறுதியில் ஜப்பானிலிருந்து வந்த ட்யூப் ஸ்க்ரீமர் பெடலின் கிளிப்பிங் பகுதிதான் நம் சர்க்யூட்டுக்கு அடிப்படை.

எங்கள் வீட்டில் இதை ஓட்டிக் காட்டியபோது அப்பா, "ரேடியோ இப்படிக் கரகரன்னா ரிப்பேர் பண்ணச் சொல்லுவாங்க. நீ காசு போட்டுக் கரகரப்பு வாங்கறியே!" என்றார். நியாயமான கேள்வி. ரேடியோவில் கரகரப்பு நம் சொல் கேட்காது. இதில் எவ்வளவு வேண்டும் என்பது நம் கையில் இருக்கிறது.

சர்க்யூட்

பின் நம்பர் வாரியாக எழுதுகிறேன், நீங்களே படம் போட்டுக்கொள்ளுங்கள். ஐசி 4558. இதில் இரண்டு ஆப்-ஆம்ப் உண்டு. நமக்கு ஒன்று போதும்.

1. சப்ளை: 9 வோல்ட் பேட்டரியின் பிளஸ் 8-ம் பின்னுக்கு, மைனஸ் 4-ம் பின்னுக்கு. இரண்டுக்கும் குறுக்கே ஒரு 1என்4001 டையோடு, வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம். பேட்டரியைத் திருப்பி மாட்டினாலும் ஐசி பிழைக்கும்.

2. பாதி வோல்டேஜ்: பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் இடையே இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் சீரிஸில். நடுப்புள்ளியிலிருந்து மைனஸுக்கு 47 மைக்ரோ ஃபாரட். அங்கே 4.5 வோல்ட் கிடைக்கும். சிக்னல் மேலும் கீழும் ஆட இடம் வேண்டுமல்லவா, அதற்குத்தான்.

3. உள்ளீடு: கிடார் சிக்னல் 0.1 மைக்ரோ ஃபாரட் வழியாக 3-ம் பின்னுக்கு. 3-ம் பின்னிலிருந்து 4.5 வோல்ட் புள்ளிக்கு 470 கிலோ ஓம். இதைச் சின்னதாகப் போட்டால் பிக்கப் காயில் லோடாகி, கூர்மையான சத்தம் மங்கிவிடும்.

4. ஃபீட்பேக்: 1-க்கும் 2-க்கும் நடுவே 47 கிலோ ஓம், அதனுடன் சீரிஸில் 470 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோல். இதுதான் 'டிரைவ்'. அதே இரு பின்களுக்குக் குறுக்கே 47 பிகோ ஃபாரட் ஒன்றும், எதிரெதிர் திசையில் இரண்டு 1என்4148 டையோடுகளும். 2-ம் பின்னிலிருந்து 4.7 கிலோ ஓம், பிறகு 0.047 மைக்ரோ ஃபாரட், பிறகு மைனஸ்.

5. வெளியீடு: 1-ம் பின்னிலிருந்து 1 மைக்ரோ ஃபாரட் (பிளஸ் ஐசி பக்கம்), 1 கிலோ ஓம், பிறகு 100 கிலோ ஓம் வால்யூமின் மேல்முனை. அந்த மேல்முனையிலிருந்து மைனஸுக்கு 0.047 மைக்ரோ ஃபாரட். 3,400 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள இரைச்சலை இது குறைக்கும். வால்யூமின் கீழ்முனை மைனஸுக்கு, நடுமுனை வெளியே.

6. மிச்சமுள்ள ஆப்-ஆம்ப்: 6-ஐயும் 7-ஐயும் இணைத்து, 5-ஐ 4.5 வோல்ட் புள்ளியில் சேருங்கள். சும்மா விட்டால் அது தன்னிஷ்டத்துக்கு ஆடும்.

கணக்கு

நான்-இன்வெர்ட்டிங் கெயின் ஃபார்முலாவை இங்கே போட்டுப் பாருங்கள். டிரைவ் குறைவாக இருந்தால் 1 + 47/4.7 = 11. முழுக்கத் திருப்பினால் 1 + 517/4.7 = 111. ஆனால் இந்தக் கெயின் எல்லா அலைவரிசைக்கும் கிடைக்காது. 4.7 கிலோ ஓமும் 0.047 மைக்ரோ ஃபாரடும் சேர்ந்து 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே கெயினைக் குறைக்கின்றன. கிடாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ். அது முழுதாக வெட்டுப்பட்டால் சத்தம் சேறாகிவிடும். அதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு.

இன்னொன்று. டையோடு 0.7 வோல்ட்டில் கடத்தும் என்று படிக்கிறோம். இங்கே ஓடுவது சில பத்து மைக்ரோ ஆம்பியர்தான். அதனால் அரை வோல்ட் அளவிலேயே கடத்த ஆரம்பித்துவிடும். லேபில் 1,000 ஹெர்ட்ஸ், 30 மில்லி வோல்ட் உச்சம் கொடுத்து, டிரைவைக் குறைத்து வைத்தால், கெயின் ஏறத்தாழ 9. ஸ்கோப்பில் சைன் அலை சுத்தமாக வரும். 200 மில்லி வோல்ட்டுக்கு ஏற்றுங்கள், உச்சி உருண்டு நிற்கும். ரெக்கார்டில் வரைகிற கிளிப்பர் அலை போலத் தட்டையாக இருக்காது. டையோடுகள் ஃபீட்பேக்கில் இருப்பதால், அவற்றின் வோல்டேஜுடன் உள்ளே வந்த சிக்னலும் கூடியே வெளிவருகிறது. இனிமை அதில்தான் இருக்கிறது.

மாற்றிப் பார்க்க மூன்று

அ. ஒரு பக்கம் ஒரு டையோடு, மறு பக்கம் இரண்டு சீரிஸில் போடுங்கள். இரு பக்கமும் சமமாக வெட்டினால் ஒற்றைப்படை ஹார்மோனிக்ஸ் மட்டும்தான் வரும். சமமில்லாமல் வெட்டினால் இரட்டைப்படையும் சேரும். 1977-ல் வந்த பாஸ் ஓடி-1 பெடலில் இதுதான் முறை.

ஆ. டையோடுகளுக்குப் பதில் இரண்டு சிவப்பு எல்இடி. ஒன்றரை வோல்ட் அளவுக்குப் பிறகுதான் வெட்டும். சத்தம் கூடும், கரகரப்பு குறையும். நம் நண்பன் இதைத்தான் வைத்துக்கொண்டான்.

இ. 0.047-க்குப் பதில் 0.1 மைக்ரோ ஃபாரட். 720 என்பது 340 ஹெர்ட்ஸ் ஆகும். அடிச்சத்தம் நிறையும்.

ஐசிக்கு சாக்கெட் போடுங்கள். டையோடுக்கும் சாக்கெட் துண்டு போட்டுவிட்டால் சால்டர் இல்லாமலே மாற்றிக் கேட்கலாம்.

டப்பா

பிளாஸ்டிக் வேண்டாம், 50 ஹெர்ட்ஸ் 'ம்ம்ம்' புகுந்துவிடும். அலுமினிய டிபன் டப்பா எடுத்து, அதன் உடம்பை மைனஸில் சேருங்கள். எவர்சில்வரில் துளை போட்டால் டிரில் பிட்தான் போகும். உள்ளீட்டுக்கு ஸ்டீரியோ ஜாக் வாங்கி, நடு வளையத்தில் பேட்டரியின் மைனஸைக் கொடுங்கள். ஒயரைச் சொருகினால்தான் பேட்டரி இணையும், தனி ஸ்விட்ச் தேவையில்லை.

ஓடாவிட்டால் மீட்டர் வையுங்கள். 8-ம் பின்னில் 9 வோல்ட், 1-லும் 2-லும் 4.5 வோல்ட் வர வேண்டும். 3-ல் சற்றுக் குறைவாகக் காட்டினால் பயப்படாதீர்கள். 470 கிலோ ஓம் வழியாக மீட்டரே கொஞ்சம் குடிக்கிறது.

இதை மட்டும் மறக்காதீர்கள்

பேட்டரியில் ஓடும் பெடலால் ஆபத்தில்லை. ஆபத்து ஆம்ப்ளிஃபயர் பக்கம் இருக்கிறது. கிடார் கம்பி ஆம்ப்ளிஃபயரின் எர்த்தோடு இணைந்தது. பந்தல்களில் மூன்று பின் பிளக்கை வெட்டிவிட்டு, வெறும் ஒயரைத் தீக்குச்சி வைத்துச் சொருகுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அங்கே எர்த் இல்லை. ஒரு கை கம்பியில், வாய் மைக்கில் என்றால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும். 1972-ல் பிரிட்டனின் ஸ்வான்சீ நகர மேடையில், லெஸ்லி ஹார்வி என்ற கிடார் கலைஞர் மைக்கைத் தொட்டு இறந்தே போனார். ஆகவே மேடை ஏறும்முன் மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, கம்பிக்கும் மைக்குக்கும் நடுவே அளந்து பாருங்கள். முள் கணிசமாக நகர்ந்தால் யார் அவசரப்படுத்தினாலும் வாசிக்க விடாதீர்கள். எர்த்தைச் சரி செய்யச் சொல்லுங்கள். மின்சாரம் படித்தவர்கள் நாம், நாம்தான் சொல்ல வேண்டும்.

பாகங்களை வாங்கி இந்த விடுமுறையிலேயே செய்து பாருங்க. சந்தேகம் இருந்தால் லேப் முடிந்ததும் வாங்க, ஸ்கோப்பில் போட்டே பார்த்துவிடலாம்!