கோல் பழகும் கை

கோல்கொண்டு பந்தை உந்தி ஆடும் மேசை விளையாட்டுகளுக்கும் நம் மாநிலத்திற்கும் உறவு உண்டு. 1875இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லேன் என்னும் ஆங்கிலேய இராணுவ அதிகாரி உருவாக்கியதாகக் கூறப்படும் ஸ்னூக்கர் ஆட்டத்திற்கு, 1880களில் உதகமண்டலத்தில் விதிகள் வகுக்கப்பட்டன என்பர். அதன் உறவான பூல் ஆட்டத்தை வீண்பொழுது எனப் பெரியோர் ஒதுக்குவதுண்டு. பந்தயப் பணம் நுழையும் இடத்தில் அவ்வச்சம் நியாயமே. ஆயினும் ஆட்டத்தினுள் ஒரு நல்ல பாடம் இருக்கிறது.

கற்க வரும் இளைஞர் பெரும்பாலும் குறியைப் பற்றியே கவலை கொள்வர். முதலில் பழக வேண்டியதோ கை. பந்து குழியில் விழவில்லை எனக் கொள்வோம். பிழைத்தது குறியா, கையா? கை ஒவ்வொரு முறையும் வெவ்வேறாக இயங்குமாயின் இவ்வினாவிற்கு விடையே இல்லை. கை மாறாதிருந்தால்தான் பிழை தன் காரணத்தைக் காட்டும். பந்து ஒரு பாகை விலகினாலும், ஒரு மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 1.7 செ.மீ. தள்ளிப்போகும்.

முழங்கை கீலாக நிற்க, முன்கை ஊசல்போல் ஆட வேண்டும். தலையும் தோளும் அசையலாகா. பிடி இறுகினால் கோல் திருகும். ஆதலின் தளர்வாகப் பற்றுதல் நன்று. மேசைமேல் ஊன்றிய மற்றக் கை கோலைத் தாங்கும். பின்னிழுத்த கோலை ஒரு கணம் நிறுத்தி, பந்தைத் தொட்ட பின்னும் நேராகவே செலுத்துதல் வேண்டும்.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. வெள்ளைப் பந்தை மட்டும் வைத்து, மேசையின் நீளவாக்கில் எதிர்ச்சுவரை நோக்கி உந்துவோம். பந்து திரும்பிவந்து கோல்நுனியைத் தொட்டால் உந்தல் செம்மையானது. செல்லும்போதே விலகினால் கோல் கோணியது. நேராகச் சென்று, திரும்பும்போது விலகினால் நுனி பந்தின் நடுவில் படவில்லை; பக்கச்சுழற்சி ஏறிவிட்டது. நாள்தோறும் இருபது முறை இதைச் செய்து, ஒரு நேரத்தில் ஒரு குறையை மட்டும் திருத்துதல் போதும். தவறுந்தோறும் பிடியையும் நிலையையும் மாற்றுபவர் முன்னேறுதல் அரிது.

விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்களாகிய நாம் இதனை அறிவோம். ஒரே பிழையைத் தொடர்ந்து செய்யும் மாணவரைத் திருத்துதல் எளிது. நாளுக்கொரு பிழை செய்பவரிடம் எங்கே தொடங்குவது? பழக்கம் நல்லதை நிலைநிறுத்துவதுபோலவே கவனிக்கப்படாத பிழையையும் நிலைநிறுத்தும். ஆகவே பயிற்சியோடு கவனிப்பும் சேர வேண்டும். கோல் பிடித்த கைக்கும் எழுதுகோல் பிடித்த கைக்கும் இது பொருந்தும்.