கைபேசி காட்டும் ஏக்கரும் புலப்படம் காட்டும் ஏக்கரும்

வரப்பு ஒரு முழம் நகர்ந்தால் அண்ணன் தம்பிக்குள்ளேயே பேச்சு நின்றுவிடுகிறது. முன்பெல்லாம் இத்தகைய வழக்கு வந்தால் கல்லையும் சங்கிலியையும் தேடுவோம். இப்போது பலர் கைபேசியைப் பிடித்துக்கொண்டு வரப்பைச் சுற்றி வருகிறார்கள். "பட்டாவில் 0.40.5 ஹெக்டேர், அதாவது 1 ஏக்கர். இதில் 95 சென்ட்தான் காட்டுகிறது. மீதி 5 சென்ட் எங்கே?" என்று கேட்கிறார்கள். பக்கத்து நிலத்துக்காரர்மீது சந்தேகம் கொள்ளுமுன், நிலம் எப்படி அளக்கப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பூமியின் வடிவம்

பூமி சரியான உருண்டை அல்ல. நடுவில் சற்றுப் பருத்தும் துருவங்களில் சற்றுத் தட்டையாகவும் உள்ளது. மையத்திலிருந்து நிலநடுக்கோட்டுக்கு 6378 கி.மீ.; துருவத்துக்கு 6357 கி.மீ. ஒரு வயலை அளக்க இக்கணக்குத் தேவையில்லை. வயலளவில் பூமியைத் தட்டை என்றே கொள்ளலாம். நாட்டையே அளக்கும்போது இந்த வளைவைக் கணக்கில் சேர்த்தே ஆகவேண்டும்.

அந்தப் பெரிய அளவை நம் மண்ணில்தான் தொடங்கியது. 1802ஆம் ஆண்டில் லாம்டன் என்பவர் சென்னைப் பரங்கிமலை அருகே சுமார் 12 கி.மீ. நீளமுள்ள ஒரு கோட்டைச் சங்கிலியால் அளந்தார். அதை அடிப்படையாக வைத்து, முக்கோணம் முக்கோணமாகக் கோணங்களை அளந்துகொண்டே போனார்கள். குன்றில்லாத தஞ்சைச் சமவெளியில் கோயில் கோபுரங்களில் ஏறி அளந்தார்கள். பின்னர் 1830இல் எவரெஸ்ட் என்பவர் பூமியின் வடிவத்தைக் கணித்துத் தந்தார். நம் நாட்டின் பழைய வரைபடங்கள் அக்கணக்கின்படி வரையப்பட்டவை. கைபேசியோ உலகம் முழுவதற்கும் பொதுவான வேறொரு கணக்கைப் பின்பற்றுகிறது. ஆகவே பழைய வரைபடத்தின் எண்களை அப்படியே கைபேசியில் இட்டால், இடம் நூறு மீட்டருக்கு மேலும் தள்ளிப்போகலாம். இடம் மாறவில்லை, கணக்குத்தான் மாறியது.

இடத்தைக் குறிக்கும் எண்கள்

கைபேசி ஓர் இடத்தை அட்சரேகை, தீர்க்கரேகை என்ற இரண்டு எண்களால் குறிக்கிறது. அட்சரேகையில் 1 பாகை என்பது தரையில் சுமார் 111 கி.மீ. புள்ளிக்குப் பின் மூன்றாவது இலக்கம் சுமார் 100 மீட்டரையும், ஐந்தாவது இலக்கம் சுமார் 1 மீட்டரையும் குறிக்கும். மண் மாதிரி எடுத்த இடத்தையோ கிணற்றையோ குறிக்கும்போது ஐந்து இலக்கம் வரை எழுத வேண்டும். மூன்றோடு நிறுத்தினால் அது அடுத்தவர் வயலாகவும் இருக்கலாம்.

ஐந்து இலக்கம் காட்டுவதால் கைபேசி ஒரு மீட்டர் சுத்தமாக அளக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. திறந்த வெளியிலேயே சுமார் 5 மீட்டர் பிசகு வரலாம். தென்னந்தோப்பிலும் மாந்தோப்பிலும் இன்னும் கூடும். சதுரமான 1 ஏக்கரின் ஒரு பக்கம் சுமார் 64 மீட்டர். அதில் ஒரே ஒரு பக்கம் 3 மீட்டர் உள்ளே தள்ளிப் பதிவானாலும் ஏறக்குறைய 5 சென்ட் குறைந்துவிடும். காணாமற்போன 5 சென்ட் இப்படியும் போயிருக்கலாம்.

உருண்டையைத் தாளில் விரித்தல்

சாத்துக்குடித் தோலை உரித்து மேசைமேல் அழுத்தினால் கிழியும். பூமியைத் தாளில் விரிப்பதும் அப்படித்தான். வடிவத்தைக் காத்தால் பரப்பு மாறும். பரப்பைக் காத்தால் வடிவம் மாறும். சில உலகப் படங்களில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு இணையாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா சுமார் 14 மடங்கு பெரியது. ஒரு கிராமத்தின் அளவில் இந்தப் பிழை மிகச் சிறிது. எனவே உங்கள் வயலின் பரப்பு குறைந்ததற்கு இதைக் காரணமாகச் சொல்ல முடியாது.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

1. புலப்படத்தின் நகலை வாங்கி, அதில் எழுதியுள்ள அளவு எண்களைப் பாருங்கள். படத்தின் மேல் அடிக்கோல் வைத்து அளக்க வேண்டாம். 1:2000 அளவில் வரைந்த படத்தில் 1 மில்லிமீட்டர் தரையில் 2 மீட்டராகும்.

2. முச்சந்திக் கல்லும் எல்லைக் கற்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். உழும்போது கல்லைப் பெயர்ப்பதும் மண்ணில் புதைப்பதும் பின்னால் வழக்குக்கு விதையாகும்.

3. சரிவான நிலத்தில் நாடாவைத் தரையோடு படியவிடாமல் மட்டமாகப் பிடித்து அளக்க வேண்டும். பதிவேட்டில் உள்ளது மட்ட அளவே. 5 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறும் சரிவில், 100 மீட்டர் மட்ட நீளம் தரையோடு அளந்தால் 102 மீட்டர் வரும்.

4. ஐயம் தீராவிட்டால் நில அளவைக்கு மனுக் கொடுத்து, அக்கம்பக்கத்து நிலத்துக்காரர்களும் உடனிருக்க அளக்கச் செய்யுங்கள். நில அளவர் கொண்டுவரும் ரோவர் கருவியும் செயற்கைக்கோளைக் கொண்டே அளக்கிறது. ஆனால் நிலையான ஓரிடத்துக் கருவியோடு ஒப்பிட்டுப் பிழையைத் திருத்திக்கொள்வதால், சில சென்டிமீட்டர் வரை சுத்தமாகக் காட்டும்.

விதைக்கும் உரத்துக்கும் மருந்துக்கும் கணக்குப் பார்க்கக் கைபேசி அளவு போதும். அங்கே 5 சென்ட் கூடினாலும் குறைந்தாலும் பெரிய நட்டமில்லை. எல்லைக்கு மட்டும் புலப்படத்தையும் கல்லையும் கேளுங்கள். கைபேசியை நம்பி உறவை முறித்துக்கொள்ள வேண்டாம்.