மரத்துப்போகும் ஊசிக்கும் அளவு உண்டு

தையல் போடும் அறையில் இருபது வருஷமாக நர்ஸாக நிற்கிறேன். வெட்டுக்காயத்தோடு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "சிஸ்டர், மரத்துப்போற ஊசி போடுவீங்கல்ல?" என்பதுதான். அந்த ஊசி லிக்னோகெய்ன். 1943இல் ஸ்வீடனில் உருவான மருந்து. நரம்புக்குள் சோடியம் நுழையும் வாசலை அடைத்துவிடுவதால் வலி மூளைக்குப் போகாது. இதயத்துடிப்பு தாறுமாறானால் ரத்தக்குழாயில் ஏற்றுவதும் இதே மருந்தைத்தான். அதனால்தான் அளவு மீறினால் அது இதயத்தையும் பதம் பார்க்கும்.

ஒருமுறை, முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கண்ணாடி கிழித்த ஒருவர் வந்தார். ஒல்லியான ஆள், ஐம்பது கிலோ இருந்தால் அதிகம். வலிக்கிறது, வலிக்கிறது என்று அவர் சொல்லச் சொல்ல, மருந்தும் ஏறிக்கொண்டே போனது. திடீரென்று, "நாக்குல இரும்பைச் சப்புன மாதிரி இருக்கு சிஸ்டர், காதுல ஙொய்ங்குது" என்றார். உதடும் மரத்துவிட்டதாம். கையில் போட்ட ஊசிக்கு உதடு ஏன் மரக்க வேண்டும்? மருந்து அளவு மீறி ரத்தத்தில் கலந்துவிட்டது. டாக்டர் சிரிஞ்சைக் கீழே வைத்துவிட்டார். ஆக்சிஜன், மானிட்டர், கையில் ஊசிக்குழாய். நல்லவேளை, வலிப்புவரை போகவில்லை.

கணக்கு இதுதான்: அட்ரினலின் கலக்காத மருந்து என்றால் கிலோவுக்கு 4.5 மில்லிகிராம்தான் உச்சம். 2 சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம். ஐம்பது கிலோ ஆளுக்குப் பதினோரு மில்லி. பன்னிரண்டு கிலோ குழந்தைக்கு மூன்று மில்லிகூடக் கிடையாது. குப்பியிலோ முப்பது மில்லி இருக்கும்! அன்றிலிருந்து குழந்தை வந்தால் முதலில் எடை மெஷினில்தான் நிறுத்துகிறேன்.

சீழ்க்கட்டியில் இந்த ஊசி சரியாக வேலை செய்யாது. அங்கே அமிலம் அதிகம். கூடுதலாகப் போடச் சொல்லி டாக்டரை நச்சரிக்காதீர்கள்.

இதே ஊசி போட்டுப் பல் பிடுங்கிய குழந்தை மரத்த உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். மரப்பு தெளியும்வரை சாப்பிடக் கொடுக்காதீர்கள். பல் முளைக்கும் ஈறில் மரக்கவைக்கும் ஜெல் தடவக் கூடாது என்று அமெரிக்காவின் மருந்துத் துறை 2014இலேயே எச்சரித்துவிட்டது. நம் வீடுகளில் இன்னும் தடவுகிறார்கள்.

வலிப்பு, இதயக் கோளாறு, முன்பு ஊசி ஒத்துக்கொள்ளாதது எதுவானாலும் மேஜையில் படுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஊசி போட்ட பிறகு காதில் சத்தம் கேட்டால், தையல் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.