பாடம் 9: அப்பாவின் சைக்கிள் லைற்

எங்கள் வீடு இலண்டனில், ஆர்ச்வேயில் இருக்கிறது. அப்பா வேலைக்குச் சைக்கிளில் போய் வருவார். ஒக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்தோம். அதன் பிறகு அப்பா வீட்டுக்கு வரும்போது இருட்டிவிடும். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை நானும் அம்மாவும் ஆர்ச்வே ரோட்டில் உள்ள முருகன் கோயிலுக்குப் போனோம். திரும்பி நடந்து வரும்போது ஒரு சைக்கிள் எங்களைக் கடந்து போனது. ஓட்டியவர் கறுப்பு ஜாக்கெற் போட்டிருந்தார். பின்னால் வெளிச்சமே இல்லை.

"ஆரம்மா அது, லைற் இல்லாமல் போறது?" என்று கேட்டேன்.

சைக்கிள் சிக்னலில் நின்றது. கிட்டப் போய்ப் பார்த்தோம். அது அப்பா!

"அப்பா, உங்கட பின் லைற் எரியேல்லை!"

"எரியுது பிள்ளை, வடிவாப் பார்."

குனிந்து பார்த்தேன். சீற்றுக்குக் கீழே லைற் எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் நீளமான ஜாக்கெற் அதை மூடியிருந்தது. அப்பா ஒன்றும் பேசவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்களோடு நடந்து வந்தார்.

அடுத்த நாள் லைற்றைக் கழற்றினோம்.

"இருட்டினால் முன்னுக்கு வெள்ளை லைற், பின்னுக்குச் சிவப்பு லைற், சிவப்பு ரிஃப்ளெக்டர் எல்லாம் வேணும். அது இந்த நாட்டுச் சட்டம்" என்றார் அப்பா. "பின் லைற்றை நடுவில பூட்டலாம், இல்லாட்டி வலப்பக்கம் பூட்டலாம்."

"ஏன் வலப்பக்கம்?"

"கார்கள் எங்களை முந்திறது வலப்பக்கத்தாலதானே."

பின் லைற் நிலத்திலிருந்து 35 சென்ரிமீற்றருக்குக் கீழே இருக்கக்கூடாது. நாங்கள் அதைக் கரியரின் பின் நுனியில் பூட்டினோம். நான் அளந்து பார்த்தேன்: 70 சென்ரிமீற்றர். அங்கே ஜாக்கெற் எட்டாது.

பிறகு முன் லைற்றைச் சுவரில் அடித்துப் பார்த்தோம். வெளிச்சத்தின் நடு, லைற்றின் உயரத்தை விடக் கீழே விழ வேண்டும். மேலே விழுந்தால் எதிரே வருகிறவர்களின் கண் கூசும்.

அன்று மாலை அப்பா ஜாக்கெற் போட்டுச் சைக்கிளில் ஏறினார். நான் பின்னால் நின்று பார்த்தேன். தெருவின் முடிவு வரை சிவப்பு வெளிச்சம் தெரிந்தது.

"தெரியுதப்பா!" என்று கத்தினேன்.

ஓட்டுகிறவருக்குத் தன்னுடைய பின் லைற் தெரியாது. இன்னொருவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது அது என்னுடைய வேலை.

புதிய சொற்கள்
மணிக்கூடு – நேரம் காட்டும் கருவி
வடிவாக – நன்றாக, கவனமாக
பூட்டுதல் – பொருத்துதல்
கண் கூசுதல் – அதிக வெளிச்சத்தால் பார்க்க முடியாமல் போதல்

பேச்சும் எழுத்தும்
ஆர் – யார்
உங்கட – உங்களுடைய
எரியேல்லை – எரியவில்லை
வேணும் – வேண்டும்

கேள்விகள்
1. பின் லைற் ஏன் பிள்ளைக்குத் தெரியவில்லை?
2. பின் லைற்றை ஏன் வலப்பக்கம் பூட்டலாம்?
3. அப்பா ஏன் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்து வந்தார்? உங்கள் எண்ணத்தைச் சொல்லுங்கள்.

செய்து பாருங்கள்
உங்கள் வீட்டுச் சைக்கிளின் பின் லைற் எத்தனை சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது? அம்மா அல்லது அப்பாவோடு அளந்து எழுதுங்கள்.