படங்களை வகைப்படுத்தும் துறைக்குள் எந்த வாசல்?

இறுதியாண்டு ஆய்வுத் தலைப்பு முடிவாகும் பருவத்தில் பினாங்கு மாணவர்கள் சிலர் என்னைப் பார்க்க வருவதுண்டு. இந்த முறை வந்தவர்கள் எல்லாரிடமும் இருந்தது ஒரே தலைப்புதான்: ஆழ்கற்றல் வழி உணவுப் படங்களை அடையாளம் காணல், ஆழ்கற்றல் வழி பூக்களை அடையாளம் காணல், ஆழ்கற்றல் வழி கோயில்களை அடையாளம் காணல். ஏன் இதை எடுத்தாய் என்று கேட்டால், "எல்லாரும் இதைத்தான் எடுக்கிறாங்க சார்" என்கிறார்கள். ஒரு மாணவியின் அப்பா தொலைபேசியில் அழைத்து, "ஏ.ஐ. இல்லாட்டி வேலை கிடைக்காதுன்னு சொல்றாங்க, அவ மனச மாத்திடாதீங்க சார்" என்று கேட்டுக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கோ பழைய நாளிதழ்களைப் புரட்டுவதில்தான் ஆசை.

படம், ஒலி, காணொளி, பழைய அச்சுப் பிரதி ஆகியவற்றை இலட்சக்கணக்கில் சேர்த்து வகைப்படுத்தும் துறைக்குள் பல வாசல்கள் உண்டு. தரவுப் பொறியியலுக்கு என் பரிந்துரை தேவையில்லை. 1972இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையின் இயந்திரங்கள் இரவும் பகலும் தரவைக் கொட்டுகின்றன. எஸ்.க்யூ.எல்., ஸ்பார்க் என்னும் தரவுக் கருவிகள் இரண்டும் கைவந்தவருக்கு அங்கே வேலை இருக்கும். நூலக அறிவியலும் நல்ல படிப்பு. அதைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் தெரிந்தே போகிறார்கள். நான் தயங்குவது அந்த ஆழ்கற்றல் தலைப்பைக் கண்டுதான்.

அந்த நுட்பத்தின் மீது எனக்கு மதிப்பு உண்டு. மாணவர்கள் அதைக் கையாளும் விதம்தான் கவலை தருகிறது. ஆயத்த மாதிரி ஒன்றை இறக்கிக்கொள்கிறார்கள். கடைசி அடுக்கை மட்டும் மாற்றுகிறார்கள். சில நூறு படங்களைக் கொடுத்துப் பழக்கி, தொண்ணூறு விழுக்காடு சரி என்று எழுதி முடிக்கிறார்கள். வகைகளை யார் வகுத்தது, ஏன் அப்படி வகுத்தார்கள் என்று கேட்டால் பதில் இல்லை.

இத்துறையின் வரலாறே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. 2009இல் வெளியான இமேஜ்நெட் படத்தொகுப்பு, வேர்ட்நெட் என்னும் சொற்படிநிலையின் மீது கட்டப்பட்டது. 2012இல் அலெக்ஸ்நெட் என்னும் ஆழ்கற்றல் மாதிரி பெற்ற புகழ்பெற்ற வெற்றி அந்தத் தொகுப்பின் மேல் நின்றுதான் கிடைத்தது. பின்னர் 2019இல், மனிதர்களைக் குறிக்கும் 2,832 வகைகளைத் தொகுப்பாளர்களே ஆராய்ந்தபோது, 1,593 வகைகள் பயன்படுத்தத் தகாதவை என்று கண்டார்கள். இழிசொற்கள்கூட வகைப்பெயர்களாக உள்ளே இருந்தன. எத்தனை அடுக்கு நரம்பு வலை போட்டாலும் அடித்தளத்தில் உள்ள அந்தப் பிழை தீராது. பொருள்களையும் அவற்றின் உறவுகளையும் முறையாக எழுதிவைக்கும் அறிவு வேண்டும். அப்படி எழுதிவைத்த அமைப்புக்குத்தான் ஆன்டாலஜி என்று பெயர். எழுதிவைத்ததிலிருந்து புதிய உண்மைகளை வருவிக்கும் மென்பொருள் ரீசனர்.

நம் ஊர்த் தேரையே பாருங்கள். தைப்பூசத்துக்கு முதல் நாள் நகரத்தாரின் வெள்ளி ரதம் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைப் பக்கம் புறப்படும். 2017 முதல் குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து தங்க ரதமும் போகிறது. அதே மாரியம்மனுக்கு விஜயதசமியன்று தனித் தேர் ஊர்வலம் உண்டு. இப்போது 1970களில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று கிடைக்கிறது. அடையாளம் காணும் நிரல் அதைப் பார்த்து "தேர்" என்று சொல்லும், அதற்கு மேல் போகாது. வெள்ளியா தங்கமா என்று அறிய நிறமே இல்லை. ஆனால் எந்த ரதம் எந்தக் கோயிலுக்கு உரியது, எந்த விழாவில், எந்த ஆண்டு முதல் ஓடுகிறது என்பவற்றை எழுதிவைத்திருந்தால், படத்தின் ஆண்டைக் கொண்டே தங்க ரதத்தை ரீசனர் விலக்கிவிடும். தேதியும் தெரிந்தால் விழா எது என்று சொல்லிவிடும். பூசம் முடிந்த பின் எடுத்த படமென்றால், ரதம் வீடு திரும்பும் ஊர்வலம் என்பதும் புலப்படும்.

பெரிய ஊடகங்கள் இதைச் செய்து காட்டியிருக்கின்றன. 2010 உலகக் கிண்ணக் காற்பந்துக்காக பி.பி.சி. 700க்கு மேற்பட்ட இணையப் பக்கங்களை இப்படி நடத்தியது. ஒரு செய்திக்கு ஃபிராங்க் லாம்பார்ட் என்று குறியிட்டால் போதும், அவர் இங்கிலாந்து அணி, இங்கிலாந்து சி பிரிவு என்று அமைப்பே அறிந்து உரிய பக்கங்களில் எல்லாம் சேர்க்கும். தரவு பெருத்தால் ரீசனர் திணறும் என்பார்கள். அதே 2010இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்களின் வெப்பை (WebPIE) என்னும் ரீசனர், பல கணினிகளில் வேலையைப் பகிரும் ஹடூப்பைக் கொண்டு 100 பில்லியன் மும்மைகள் (எழுவாய், உறவு, பொருள் என்று மூன்று பகுதிகளாக எழுதிய கூற்றுகள்) மீது உய்த்துணர்வு நடத்தியது. அதற்காக ஆன்டாலஜி மொழியின் முழு வலிமையையும் பயன்படுத்தவில்லை, எளிய பகுதி ஒன்றையே எடுத்துக்கொண்டது. ஆன்டாலஜிக்கான ஆவுல் 2 மொழியில் 2009இல் ஈ.எல்., க்யூ.எல்., ஆர்.எல். என்று மூன்று சிற்றுருவங்கள் வகுக்கப்பட்டதும் இதற்காகத்தான். எந்த வேலைக்கு எது போதும் என்று தேர்ந்தெடுக்கத் தெரிவதே இங்கே கைத்திறன்.

பழைய படங்களையும் பத்திரிகைகளையும் அடுக்கி வாழ்ந்தவன் என்பதால் என் மனம் ஆன்டாலஜியின் பக்கமே சாய்கிறது. அதை மறைக்கவில்லை. இங்கே வேலை வாய்ப்பு குறைவு என்பதும், தேடிப் பிடிக்க வேண்டும் என்பதும் உண்மை. தொடக்கத்தில் எரிச்சலூட்டும் விதிகளும் உண்டு. சொல்லப்படாத ஒன்றை ரீசனர் பொய் என்று கொள்ளாது, தெரியாதது என்றே கொள்ளும். படத்தில் காவடி இருப்பதாக எழுதவில்லை என்பதால் காவடி இல்லை என்று அது முடிவு கட்டாது. இதைப் பொறுமையாக உள்வாங்குகிறவர் நிலைத்து நிற்கிறார். சலித்துப்போகிறவர் சில வாரங்களில் ஆழ்கற்றலுக்கே திரும்பிவிடுகிறார். பெற்றோரே, பிள்ளையின் சம்பளத்தைக் கணக்கிடும் முன் அவள் எதில் நேரம் மறந்து உட்காருகிறாள் என்று பாருங்கள். விருப்பமில்லாத துறையில் முதலாண்டைக் கடக்கலாம், பத்தாம் ஆண்டைக் கடப்பது கடினம்.

முடிவெடுக்கத் தயங்கும் மாணவர்களுக்கு நான் தரும் சோதனை ஒன்று உண்டு. வீட்டுத் திருமண, திருவிழாப் படங்களில் ஐம்பதை எடுங்கள். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் புரோட்டஜே மென்பொருள் இலவசம். அதில் ஆட்கள், உறவுகள், சடங்குகள், இடங்கள் ஆகியவற்றை வகுத்து எழுதுங்கள். தாய்மாமன் யார், அத்தை யார் என்று நீங்கள் சொல்லாமலே ரீசனர் வருவிக்கும்படி விதிகளை அமைத்துப் பாருங்கள். இரண்டு வார இறுதிகள் போதும். கோப்புகளை வேகமாக நகர்த்தும் நிரல் எழுதுவதில்தான் மனம் ஓடியது என்றால் தரவுப் பொறியியலுக்குப் போங்கள். படத்தில் முகங்களைத் தானாகக் கண்டுபிடிக்கத் தோன்றிக்கொண்டே இருந்தால், சரி, ஆழ்கற்றலையே எடுங்கள், கணிதத்தோடு சேர்த்து எடுங்கள். "சித்தப்பா" என்ற வகையை எங்கே வைப்பது என்று பாட்டியிடம் போய் வாதாடியிருந்தால், உங்கள் ஆய்வுத் தலைப்பை எழுதிக்கொண்டு என்னிடம் வாருங்கள்.