மேலிருந்து 256, கீழிருந்து 139

அன்புள்ள தம்பிக்கு,

ஜப்பானின் காமியோகா ஆய்வகத்தில் இடம் கிடைத்ததில் மெத்த மகிழ்ச்சி. கிளம்புமுன் எந்தக் கோட்பாட்டு நூல்களை முடிக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். ஒன்றும் வேண்டாம். நியூட்ரினோ அலைவுச் சூத்திரம் ஒரு வரிதான். எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம். முதல் சில மாதம் வளையங்களைப் பார்.

திரையில் சூப்பர் காமியோகாண்டே தொட்டியை விரித்துப்போட்ட படம் வரும். 50,000 டன் தண்ணீர். உட்சுவரில் பதினோராயிரத்துக்கும் மேல் ஒளிப்பெருக்கிக் குழாய்கள். ஒளி பட்டவை மட்டும் புள்ளிகளாகத் தெரியும். நியூட்ரினோ நீரில் மோதிக் கிளப்பும் துகளின் ஒளி சுவரில் வளையமாக விழும். மியூவான் ஓடியிருந்தால் வளையத்தின் வெளிவிளிம்பு கத்தரித்தாற்போல் இருக்கும். எலக்ட்ரான் சிதறிச் சிதறி, புதுத் துகள்களைக் கிளப்பிக்கொண்டு போவதால் விளிம்பு கலங்கியிருக்கும். நிரலே பிரித்துத் தந்துவிடுமே என்பாய். தரும்தான். அது எங்கே தடுமாறுகிறது என்பது கண்ணால் பார்த்தவனுக்கே பிடிபடும். வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த நிகழ்வுகளை விடாதே.

1988-ல், இதற்கு முந்தைய தொட்டியான காமியோகாண்டேயின் குழு, வளிமண்டலத்தில் பிறந்து வரும் மியூவான் நியூட்ரினோக்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைகின்றன என்று எழுதியபோது கிளம்பிய சந்தேகமே இதுதான்: மியூவானை எலக்ட்ரான் என்று எண்ணிவிட்டார்களோ? அமெரிக்காவின் ஐ.எம்.பி. தொட்டியிலும் குறை தெரிந்தது. ஆனால் ஐரோப்பாவின் இரும்பு அடுக்கு உணர்கருவிகளில் தெரியவில்லை. அப்படியானால் கோளாறு தண்ணீரில்தானோ? நியாயமான கேள்வி. ஜப்பானின் கேஇகே ஆய்வகத்தில் ஒரு தொட்டி நீருக்குள் எலக்ட்ரானையும் மியூவானையும் தனித்தனியே பாய்ச்சிப் பார்த்துத்தான் அதற்குப் பதில் சொன்னார்கள்.

வழக்கைத் தீர்த்தது வேறொன்று. வளிமண்டலத்தில் எத்தனை நியூட்ரினோ பிறக்கும் என்ற கணக்கில் அப்போது 20 சதவீதம் வரை பிழை இருந்தது. அந்தக் கணக்கோடு மல்லுக்கட்டாமல் மேலையும் கீழையும் ஒப்பிட்டார்கள். தலைக்கு மேலிருந்து வருவது ஏறக்குறைய 15 கிலோமீட்டர் கடக்கிறது. காலுக்கடியிலிருந்து வருவது பூமியைத் துளைத்து 13,000 கிலோமீட்டர். வழியில் ஒன்றும் ஆகவில்லை என்றால் இரண்டும் சமமாக இருக்க வேண்டும். 1998 ஜூனில் தகயாமா மாநாட்டில் சூப்பர் காமியோகாண்டே குழுவின் சார்பில் கஜிதா காட்டிய தரவில், ஆற்றல் மிகுந்த மியூவான் நிகழ்வுகள் மேலிருந்து 256, கீழிருந்து 139. எலக்ட்ரான் பக்கம் அப்படி ஓட்டை விழவில்லை.

பாடம் இதுதான்: உனக்குத் தெரியாதது எந்த விகிதத்தில் அடிபட்டுப் போகிறதோ, அதை அள. ஆனால் கருவி மேலும் கீழும் ஒரே ஆற்றலைக் காட்டுகிறது என்று யார் உறுதி சொல்வது? தொட்டிக்குள் நின்றுபோன காஸ்மிக் மியூவான்கள் சிதைந்து எல்லாத் திசையிலும் எலக்ட்ரானை விடுகின்றன. அவற்றை வைத்து அதையும் சோதித்தார்கள். 2015-ல் கஜிதாவுக்கு நோபல் வந்தது. இந்தச் சோதனை வேலையைச் செய்தவர்களின் பெயரை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

இன்று உன் முன் இருக்கும் கேள்வி நியூட்ரினோக்களின் நிறை வரிசை: எது கனமானது, எது லேசானது என்பது. அதற்கான தடயம் பூமியைத் துளைத்து வருபவற்றில் இருக்கிறது. பூமிக்குள் பருப்பொருளின் விளைவு நியூட்ரினோவுக்கு ஒரு மாதிரி, எதிர்நியூட்ரினோவுக்கு வேறு மாதிரி. காந்தமில்லாத தொட்டியில் இரண்டையும் பிரிப்பது கடினம். 2020 முதல் நீரில் கடோலினியம் கலந்து நியூட்ரானைப் பிடிப்பது இதற்கும் உதவும். தேனி பொட்டிபுரத்துக்குத் திட்டமிட்ட காந்த இரும்பு உணர்கருவியும் இந்தக் கேள்விக்காகவே யோசிக்கப்பட்டது.  நிறை வரிசைக்கு மேல்-கீழ் விகிதம் மட்டும் உன்னைக் காப்பாற்றாது. சின்னச் சின்னப் பிழை ஒவ்வொன்றுக்கும் நீ கணக்குச் சொல்ல வேண்டிவரும்.

ஆகவே, சேர்ந்ததும் அளவுத்திருத்தக் குழுவில் வேலை கேட்டு வாங்கு. பகுப்பாய்வுக்கு எல்லாரும் ஓடுவார்கள். அளவுத்திருத்தத்துக்கு ஆள் கிடைப்பதே அரிது. நீரின் தெளிவு நாளுக்கு நாள் மாறும். முதலில் அதைப் பின்தொடரக் கற்றுக்கொள்.

அன்புடன்,
உன் அண்ணன்