வந்தியத்தேவனோடு புறப்படு, கண்ணு

அன்புள்ள கண்ணு,

கல்கியின் பொன்னியின் செல்வனைத் தொடங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். கூடவே, "மாயம் மந்திரம் ஏதாவது உண்டா, இல்லை ராஜா ராணி மட்டும்தானா அத்தை?" என்று ஒரு கேள்வி. மந்திரக்கோலும் டிராகனும் படித்து வளர்ந்த பிள்ளை, வேறு எப்படிக் கேட்பாய்!

உண்டு. கோடிக்கரைச் சதுப்பில் இருட்டில் தீப்பிழம்புகள் எழுந்து எழுந்து அணையும். ஊரார் கொள்ளிவாய்ப் பிசாசு என்று நடுங்குவார்கள். படகோட்டும் பூங்குழலியோ அவற்றைத் தன் காதலர்கள் என்று காட்டுவாள். சதுப்பு நிலத்து வாயு எரிவதுதான் அது என்று கல்கியே காரணத்தையும் சொல்லிவிடுவார். காரணம் தெரிந்த பிறகும் பயம் விலகாது பார், அதுதான் இந்த நாவலின் மாயம். வால்நட்சத்திரம், புதைசேறு, சுரங்கப்பாதை, நடுக்கடல் புயல் எல்லாம் நம் மண்ணிலும் வானத்திலும் உள்ளவை. மந்திரக்கோல் தேவைப்படவே இல்லை.

இனி நீ செய்யப்போகும் தப்புகளுக்கு வருகிறேன். உன்னை எனக்குத் தெரியாதா?

முதல் தப்பு, சோழர் வம்சாவளியை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு உட்காருவாய். வேண்டாம். ஆடிப் பதினெட்டாம் பெருக்கன்று, எழுபத்து நான்கு கணவாய்களிலும் தண்ணீர் பாயும் வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். கடம்பூர் மாளிகையில் என்ன சதி நடக்கிறது என்று அவனுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. அவன் தெரிந்துகொள்ளும்போது நீயும் தெரிந்துகொள். அவன் நம் ஆரணிப் பக்கத்துப் பையன்தான். வாணர் குலத்தவன். அவர்களுடைய வல்லம் இன்றைய வேலூர் மாவட்டத்துத் திருவல்லம். புறப்பட்டு வருவதும் காஞ்சியிலிருந்து.

இரண்டாவது தப்பு, முடிவைத் தேடுவது. உன் கை செல்போனுக்குப் போகும், எனக்குத் தெரியும். வீராணத்துக்குப் பக்கத்தில் உடையார்குடிக் கோயில் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கதையின் பெரிய மர்மம் அதோடு சம்பந்தப்பட்டது. ஐந்தாம் பாகம் முடிந்த பிறகு அதைத் தேடிப் படி. அதற்கு முன்னால் தேடினால் நான் பேச மாட்டேன்.

"படம்தான் பார்த்துவிட்டேனே" என்பாய். 2022லும் 2023லும் வந்த இரண்டு படங்களும் சேர்ந்தாலும் ஐந்து பாகம் அடங்காது. கடம்பூர் மணிமேகலை படத்தில் கிடையவே கிடையாது. அவளைச் சந்திக்காமல் இந்தக் கதை தெரியும் என்று யாரிடமும் சொல்லிவிடாதே.

"அத்தை, ஐந்து பாகமா!" என்று மலைக்காதே. பாவின் நீளத்தைப் பார்த்து மலைக்கிறவர் ஆரணியில் தறியில் உட்கார முடியுமா? 1950 அக்டோபரில் கல்கி பத்திரிகையில் தொடங்கி, 1954 வரை மூன்றரை வருஷம் வாரம் வாரமாக வந்த கதை இது. வீட்டுக்கு வீடு பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்தார்கள். அத்தியாயங்கள் அந்தக் காத்திருப்புக்காகவே எழுதப்பட்டவை. ராத்திரிக்கு இரண்டு படி, போதும். ஒரே மூச்சில் விழுங்கினால், "அடுத்து என்ன?" என்று யோசித்துக்கொண்டே தூங்கும் சுகம் போய்விடும்.

சைவ வைணவச் சண்டை வரும் பக்கங்களைத் தாண்டிக் குதிக்காதே. ஆழ்வார்க்கடியான் வாயைத் திறக்கும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொள். அவ்வளவுதான் சொல்வேன். சுருக்கப் பதிப்பையும் வாங்காதே. கல்கியின் நூல்கள் நாட்டுடைமையானதால் பதிப்புகள் கொட்டிக் கிடக்கின்றன. மணியம் ஓவியங்களோடு வந்த முழுப் பதிப்பாகப் பார்த்து வாங்கு.

யாராவது, "இதெல்லாம் பொழுதுபோக்கு, இலக்கியமா?" என்று கேட்டால் சோர்ந்துபோகாதே. நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய ஆரணி குப்புசாமி முதலியாரை நினைத்துக்கொள். 1925இல் மறைந்தவர். ரெய்னால்ட்ஸின் ஆங்கில நாவல்களைத் தழுவி, 'இரத்தினபுரி இரகசியம்' என்று பாகம் பாகமாக எழுதியவர். அடுத்த பக்கத்துக்குத் தவிக்கும் வாசகர்களைத் தமிழில் உருவாக்கியவர்களில் அவர் ஒருவர். அந்தத் தவிப்பு இருந்ததால்தான் கல்கியால் சோழ நாட்டின் ஆறு, ஏரி, கோயில், கடல் அத்தனையையும் ஒரு கதைக்குள் கொண்டுவர முடிந்தது. ஆசையோடு படிப்பது குறைந்த படிப்பு இல்லை, கண்ணு. படிப்பு பிடித்துக்கொள்வதே அப்படித்தான்.

முதல் பாகம் முடிந்ததும் எழுது. நந்தினி பாவமா, பாதகியா என்று கேட்பேன். இரண்டும் என்று மழுப்பக் கூடாது. ஒரு பக்கம் நின்று சண்டை போட வேண்டும்.

அன்புடன்,
அத்தை